கனமழைக்கு முன்னால் நிற்கும் சொல்

(நெமிலிச்சேரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, மாணவர்களும் பெற்றோரும் ஆசிரியர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



நான் ரயிலை விட்டு இறங்கியபோது தூறல் போட்டுக்கொண்டிருந்தது. ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு டீக்கடையில் ஒதுங்கினேன். கடைக்காரரின் கைப்பேசியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. திருவள்ளூர் மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் கனமழை முதல் மிகக் கனமழை வரை பெய்ய வாய்ப்பு என்றது அந்தக் குரல். பக்கத்தில் பையனைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற அம்மா, "நாளைக்கு ஸ்கூல் லீவு விடுவாங்களாண்ணா?" என்று கேட்டார். கடைக்காரர் பாலை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "வெறும் கனமழைன்னா விடமாட்டாங்கம்மா. மிகக் கனமழைன்னு சொல்றாங்களே, பாப்போம்."

ஆங்கிலத்தில் ஒரு பண்புச்சொல்லுக்கு முன்னால் நின்று 'எவ்வளவு' என்று காட்டும் சொற்களைப் பற்றிப் பேசுவதற்காக நான் வந்திருக்கிறேன். 'வெரி', 'டூ', 'க்வைட்', 'எக்ஸ்ட்ரீம்லி' போன்றவை. இந்த உரையில் அவற்றை அளவுச்சொற்கள் என்றே சொல்லப்போகிறேன். பள்ளிப் புத்தகத்தில் அரைப் பக்கத்தில் முடிந்துவிடுகிற பாடம். ஆனால் அதன் உயிர் அந்த டீக்கடைக்காரருக்குத் தெரிந்திருந்தது. 'கன' என்பது ஒரு பண்பு. அதன் முன்னால் 'மிக' வந்து நின்றால் மறுநாள் காலையே வேறாகிவிடுகிறது.

நுங்கம்பாக்கத்தில் இருக்கும் மண்டல வானிலை ஆய்வு மையம் இந்தச் சொற்களைப் போகிற போக்கில் சொல்வதில்லை. ஒரு நாள் காலை எட்டரை மணி முதல் மறுநாள் காலை எட்டரை மணி வரை பெய்த மழையை மழைமானியில் அளக்கிறார்கள். 64.5 மில்லிமீட்டர் முதல் 115.5 வரை என்றால் ஆங்கிலத்தில் 'ஹெவி ரெயின்', தமிழில் கனமழை. 115.6 முதல் 204.4 வரை 'வெரி ஹெவி', மிகக் கனமழை. அதற்கு மேல் போனால் 'எக்ஸ்ட்ரீம்லி ஹெவி', அதிகனமழை. இடைவெளியைக் கவனியுங்கள். 115.5-க்கும் 115.6-க்கும் நடுவில் இருப்பது மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. அந்த இடத்தில்தான் 'வெரி' என்ற சொல் பிறக்கிறது. 'ஓரிரு இடங்களில்' என்ற சொல்லுக்கும் இப்படி ஒரு கணக்கு உண்டு: அந்தப் பரப்பில் உள்ள மழைமானி நிலையங்களில் கால் பங்குக்கு மேல் போகாது என்று பொருள்.

இங்கே ஒரு சின்ன எச்சரிக்கை. 'அதிகன' என்பதைப் பலரும் 'அதிக கன' என்று காதில் வாங்குகிறார்கள். 'அதிக' என்றால் கூடுதலான, அவ்வளவுதான். 'அதி' என்றால் மேல்படி. ஓர் எழுத்தில் ஒரு படி நழுவிவிடுகிறது.

புயலுக்கு வந்தால் நம் தமிழில் ஒரு குழப்பமே இருக்கிறது. வங்கக் கடலில் காற்று மணிக்கு 62 கிலோமீட்டரைத் தொட்டால் புயல் என்று பெயர் வைக்கிறார்கள். 89-ஐத் தொட்டால் 'சிவியர்', தீவிரப் புயல். 118-ஐத் தொட்டால் 'வெரி சிவியர்'. 166-ஐத் தொட்டால் 'எக்ஸ்ட்ரீம்லி சிவியர்'. 221-ஐத் தொட்டால் 'சூப்பர்'. இவற்றில் 'எக்ஸ்ட்ரீம்லி' என்ற படி 2015-ல்தான் வந்தது. அதுவரை 'வெரி' சுமந்த இடம் மிக அகலமாக இருந்ததால் அதை இரண்டாகப் பிளந்து ஒரு புதிய அளவுச்சொல்லைச் செருகினார்கள். சரி, 2020 நவம்பரில் புதுச்சேரிப் பக்கம் கரை கடந்த நிவர் எந்தப் படி? 'வெரி சிவியர்'. நம் செய்திகளில் அதற்கு என்ன பெயர் போட்டார்கள்? அதிதீவிரப் புயல். ஆக, மழையில் 'வெரி' என்றால் 'மிக', 'எக்ஸ்ட்ரீம்லி' என்றால் 'அதி'. புயலிலோ 'வெரி' வந்தாலே 'அதி'. ஒரே ஊர், ஒரே பருவம், ஒரே செய்தி வாசிப்பவர். ஆனால் 'அதி' என்ற சொல் இரண்டு வேறு உயரங்களில் நிற்கிறது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அளவுச்சொற்களை மொழிபெயர்ப்பது எவ்வளவு நுட்பமான வேலை என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

இப்போது வகுப்பறைக்கு வருவோம். நம் பிள்ளைகளுக்கு 'வெரி' எப்படி அறிமுகமாகிறது? நோட்டில் சிவப்பு மையில் 'குட்'. இன்னொருத்திக்கு 'வெரி குட்'. அந்த 'வெரி'க்கு எவ்வளவு என்று யாரும் சொல்லித் தருவதில்லை. அது ஆசிரியரின் அன்பு, அன்றைய மனநிலை. அப்படியே வளர்ந்து, கட்டுரையில் ஒவ்வொரு பண்புச்சொல்லுக்கு முன்னாலும் ஒரு 'வெரி' வைத்தால் ஆங்கிலம் அழகாகிவிடும் என்று நம்பத் தொடங்குகிறார்கள். பொட்டு வைப்பது மாதிரி. நான் சொல்ல வந்தது இதுதான்: அளவுச்சொல் பொட்டு இல்லை, படி. அரிசி அளக்கிற படி. எந்தப் படியை எந்தப் பண்டத்துக்கு எடுப்பது என்பதைப் பண்டம்தான் முடிவு செய்யும். எண்ணெயை முழக்கோலால் அளக்க முடியாது.

மழையும் ஏரியும் இதை நன்றாகக் காட்டும். மழைக்கு மேல் எல்லை கிடையாது. 2015 டிசம்பர் 2-ஆம் தேதி காலை எட்டரை மணிக்கு அளந்தபோது செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ., தாம்பரத்தில் 49 செ.மீ. 2023 டிசம்பர் 18-ஆம் தேதி காலை காயல்பட்டினத்தில் 95 செ.மீ. ஒரே நாளில். 21 செ.மீ. பெய்தாலும் அதிகனமழை, 95 பெய்தாலும் அதிகனமழை. அதற்கு மேல் சொல் இல்லை, ஆனால் மழை இருக்கிறது. இப்படி மேலே கூரை இல்லாத பண்புகளுக்கு ஆங்கிலம் 'வெரி', 'எக்ஸ்ட்ரீம்லி', 'ஃபேர்லி' ஆகியவற்றைத் தருகிறது. 'ஹெவி', 'டால்', 'ஓல்ட்', 'காஸ்ட்லி', எல்லாம் இந்த வகை.

ஏரி அப்படியில்லை. செம்பரம்பாக்கத்தின் முழு உயரம் 24 அடி. கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. 24-ஐத் தொட்டால் முடிந்தது, அதற்கு மேல் நிரம்ப இடமில்லை. 'ஃபுல்' என்ற பண்பு கூரை உள்ள பண்பு. அதனால் ஆங்கிலம் அதற்கு வேறு படியை எடுக்கிறது. 22 அடியில் 'ஆல்மோஸ்ட் ஃபுல்'. பாதிக் கொள்ளளவில் 'ஹாஃப் ஃபுல்'. 24-ல் 'கம்ப்ளீட்லி ஃபுல்'. மழையை 'ஆல்மோஸ்ட் ஹெவி' என்றோ 'கம்ப்ளீட்லி ஹெவி' என்றோ எந்த ஆங்கிலக்காரரும் சொல்லமாட்டார். தமிழிலும் அப்படித்தான். 'ஏரி கிட்டத்தட்ட நிரம்பிவிட்டது' என்கிறோம். 'மழை கிட்டத்தட்ட கனம்' என்று சொல்லிப் பாருங்கள், நாக்கே மறுக்கும். விதி உங்களுக்குள் ஏற்கெனவே இருக்கிறது.

மூன்றாவதாக ஒரு வகை உண்டு. சில பண்புச்சொற்கள் பிறக்கும்போதே உச்சியில் பிறந்தவை. 'ஃப்ரீஸிங்', 'எனார்மஸ்', 'ஃபியூரியஸ்'. 'வெரி' அவற்றுக்குள்ளேயே கரைந்திருக்கிறது. அதனால் 'வெரி ஃப்ரீஸிங்' என்றால் ஆங்கிலக் காதுக்கு இடறும். 'அப்சல்யூட்லி ஃப்ரீஸிங்' என்பார்கள். நம் 'கன்னங்கரேல்' மாதிரி. 'மிகவும் கன்னங்கரேல் என்று இருந்தது' என்று யாராவது எழுதுவாரா?

கூரை உள்ளது, இல்லாதது என்ற இந்த வேறுபாட்டை நான் மொழியியல் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே என் அப்பாவிடம் கற்றேன். அவர் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் டர்னராக இருந்தார். பள்ளி விடுமுறையில் மதியச் சாப்பாடு எடுத்துக்கொண்டு போவேன். ஒரு நாள் ஒரு ஷாஃப்டை இரண்டு வி-பிளாக்குகள் மேல் வைத்து மெதுவாக உருட்டிக்கொண்டிருந்தார். மேலே டயல் கேஜ். அதன் முள் துடித்துத் துடித்து ஆடியது. எனக்கு அந்த ஷாஃப்ட் நேராகத்தான் தெரிந்தது. "கொஞ்சம் நேரா இருக்குப்பா" என்றேன். உருட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"கொஞ்சம் கோணல்னு சொல்லுடா, ஒத்துக்கறேன். ரொம்பக் கோணல்னு சொல்லு, அதுவும் சரி. கொஞ்சம் நேருன்னு ஒண்ணு கிடையாது. முள்ளு ஆடினா கோணல். நின்னா நேர்."

கோணலுக்கு ஆயிரம் அளவு உண்டு. நேருக்கு ஒரே அளவு. இதையே ஆங்கிலத்தில் வையுங்கள். 'ஸ்லைட்லி பென்ட்' உண்டு, 'ஸ்லைட்லி ஸ்ட்ரெய்ட்' இல்லை. 'பெர்ஃபெக்ட்லி ஸ்ட்ரெய்ட்' உண்டு, 'பெர்ஃபெக்ட்லி பென்ட்' இல்லை. நூல் பிடித்தாற்போல நேர் என்று நாம் சொல்வதும் அந்த 'பெர்ஃபெக்ட்லி'தான். பல ஆண்டுகள் கழித்து, கிறிஸ்டோபர் கென்னடி, லூயிஸ் மக்நாலி என்ற இரண்டு மொழியியலாளர்கள் 2005-ல் எழுதிய கட்டுரையைப் படித்தேன். பண்புச்சொற்களின் அளவுகோலுக்கு முனை உண்டா இல்லையா, கீழ்முனையா மேல்முனையா என்று பிரித்துப் பிரித்து ஆராய்ந்திருந்தார்கள். படிக்கப் படிக்க எனக்கு அந்த டயல் கேஜின் முள்தான் கண்ணில் ஆடியது. அப்பா அப்போது இல்லை. அவரிடம் அந்தக் கட்டுரையை வாசித்துக் காட்டியிருக்க வேண்டும் என்ற ஏக்கம் இன்னும் இருக்கிறது.

எட்வர்ட் சபீர் என்ற அறிஞரும் இதைத் தொட்டிருக்கிறார். அவர் மறைந்து ஐந்து ஆண்டுகள் கழித்து 1944-ல் வெளிவந்த கட்டுரை. அளக்கவும் எண்ணவும் கற்பதற்கு முன்பே மனிதன் கூடக்குறைய என்று தரம் பார்க்கத் தொடங்கிவிடுகிறான் என்பது அதன் சாரம். குழந்தை 'எனக்குப் பெருசு' என்று அடம்பிடிக்கும்போது அதன் கையில் ஸ்கேல் இல்லை.

தமிழைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனமில்லை. ஆங்கில அளவுச்சொற்கள் நமக்குக் கடினமாக இருப்பதற்குக் காரணம் நம் மொழியில் அவை இல்லாமை அல்ல. தொல்காப்பியர் உரியியலில் மிகுதியைக் காட்டும் சொற்களாக நனி, தவ, உறு என்ற மூன்றைச் சொல்கிறார். பிறகு வந்த பவணந்தி முனிவர் நன்னூலில் கழி, கூர், சால என்ற மூன்றையும் சேர்த்து ஆறாக்குகிறார். இலக்கண ஆசிரியர்கள் இவற்றுக்காக நின்று பேசியிருக்கிறார்கள். பேச்சிலோ கணக்கே இல்லை. ரொம்ப, வெகு, படு, கொள்ளை, மகா, அநியாயத்துக்கு. பிள்ளைகள் 'செம' என்கிறார்கள், 'மரண' என்கிறார்கள். படுசுட்டி என்பதும் கொள்ளை அழகு என்பதும் சரி. கொள்ளைச் சுட்டி என்று சொல்வோமா? ஒவ்வொரு அளவுச்சொல்லுக்கும் அதன் துணை உண்டு.

இந்தத் துணை சேர்தல் இன்னும் இறுகும்போது இரண்டும் ஒட்டி ஒரே சொல்லாகிவிடுகின்றன. பச்சைப்பசேல், செக்கச்செவேல், வெள்ளைவெளேர், புத்தம்புதிய, தன்னந்தனி, சின்னஞ்சிறு. ஆங்கிலத்திலும் இதே சங்கதி உண்டு. கன்னங்கரிய இருட்டு 'பிட்ச் பிளாக்'. புத்தம்புதியது 'பிராண்ட் நியூ'. சற்று முன் நான் குடித்த சுடச்சுட டீ 'பைப்பிங் ஹாட்'. இவற்றுக்கு விதி கேட்காதீர்கள். 'பிராண்ட்' ஏன் 'ஓல்ட்' பக்கம் போகவில்லை என்பதற்கும் 'பசேல்' ஏன் சிவப்பிடம் போகவில்லை என்பதற்கும் ஒரே பதில்தான்: பழகிய இடம் அது. பச்சைப்பசேல் என்பதை நீங்கள் எப்படிக் கற்றீர்களோ, அப்படியே, முழுத் துண்டாகக் கற்க வேண்டியவை இவை.

இந்தச் சொற்கள் எங்கிருந்து வருகின்றன என்று பார்த்தால் இரண்டு மொழிகளும் ஒரே கிணற்றில் தண்ணீர் இறைத்திருப்பது தெரியும். 'வெரி' பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல்; அங்கே அதற்கு 'உண்மையான' என்று பொருள். உண்மை என்று அடித்துச் சொல்லச் சொல்ல அது 'மிக' ஆகிவிட்டது. யாழ்ப்பாணத்துத் தமிழர் குளிரும்போது 'சரியான குளிர்' என்பார்கள். நம் காதுக்குப் பொருத்தமான குளிர் என்று படும். அவர்கள் சொல்வது கடுங்குளிர். சரி என்பது மிகுதி ஆன கதையும் அதேதான். நம் 'ரொம்ப' இருக்கிறதே, அது 'நிரம்ப' என்பதன் பேச்சு வடிவம். பாத்திரம் நிரம்புவதிலிருந்து வந்த அளவு. அச்சத்திலிருந்தும் அளவு வரும். 'டெரிப்லி குட்', 'ஆஃபுலி நைஸ்' என்பதில் உள்ள திகிலும் நாம் 'பயங்கர அழகு' என்பதில் உள்ள பயமும் தேய்ந்து தேய்ந்து வெறும் அளவாக மிஞ்சியவை.

தேய்மானம் என்று சொன்னேன். இது எனக்குக் கவலை தரும் விஷயம். அளவுச்சொல் நாணயம் போல. கை மாற மாற முகம் அழியும். ஒவ்வொரு தூறலுக்கும் 'பேய்மழை' என்றும் 'வரலாறு காணாத' என்றும் போட்டால், உண்மையில் 47 செ.மீ. கொட்டும் இரவில் ஜனங்களை எழுப்ப எந்தச் சொல் மிஞ்சும்? அதனால்தான் வானிலை மையத்தின் வறண்ட மூன்று சொற்களை நான் மதிக்கிறேன். அவை தேயாமல் இருப்பதற்குக் காரணம், ஒவ்வொன்றின் கீழேயும் ஒரு எண் முட்டுக் கொடுத்து நிற்கிறது.

'டூ' பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் பிள்ளைகள் பாராட்டும்போது 'டூ குட்', 'டூ பியூட்டிஃபுல்' என்கிறார்கள். 'வெரி'யைவிட வலுவானது 'டூ' என்ற நம்பிக்கை. இல்லை. 'டூ' என்றால் எல்லையைத் தாண்டிவிட்டது, இனி காரியம் நடக்காது என்று பொருள். 'டூ' வந்தால் உடனே ஒரு கேள்வி எழ வேண்டும்: எதற்கு அதிகம்? டீ 'வெரி ஹாட்' என்றால் ஊதிக் குடிக்கலாம். 'டூ ஹாட்' என்றால் கீழே வைக்க வேண்டும். மயிலிறகையே ஏற்றினாலும் அளவு கடந்து ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று வள்ளுவர் வலியறிதலில் சொன்னாரே, அந்த அச்சு முறிகிற இடம்தான் 'டூ'. வண்டலூரிலிருந்து மீஞ்சூர் போகும் வெளிவட்டச் சாலை நம் ஊரைத் தொட்டுத்தான் போகிறது. அதில் போகும் லாரிகளைப் பார்த்திருப்பீர்கள். பாரம் 'வெரி ஹெவி'யாக இருக்கலாம், லாரி போய்ச் சேரும். 'டூ ஹெவி' ஆனால் எடைமேடையில் நிறுத்திவிடுவார்கள். 'வெரி' பொருளைப் பற்றி மட்டும் பேசுகிறது. 'டூ' பொருளையும் அதைத் தாங்குகிற அச்சையும் சேர்த்துப் பேசுகிறது.

'இனஃப்' அதன் எதிர்ப்பக்கம். போதும் என்கிற எல்லை. அது மட்டும் பண்புச்சொல்லுக்குப் பின்னால் போய் நிற்கும். 'குட் இனஃப்', 'ஸ்ட்ராங் இனஃப்'. நம் மொழியில் அளவு எப்போதும் முன்னால் வருவதால் 'இனஃப் குட்' என்று வாய் தவறுகிறது. சில நாள் பயிற்சியில் திருந்திவிடும்.

இப்படி ஒரு பிழை திருந்தாமல் போனால் என்ன ஆகும் என்று சொல்கிறேன். என்னிடம் படித்த ஒரு பையன். இந்தப் பக்கத்துப் பையன்தான். கெட்டிக்காரன். கணினி வேலையில் சேர்ந்தான். மேலாளர் வெளிநாட்டில் இருந்தார். ஒரு நாள் இரவு அவன் அம்மாவுக்கு மூச்சுத் திணறல் வந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்துவிட்டார்கள். மருத்துவமனை வராந்தாவில் நின்றுகொண்டே மேலாளருக்கு எழுதினான்: 'மை மதர் இஸ் வெரி சீரியஸ். ஐ நீட் லீவ்.' தமிழில் நினைத்து எழுதிய வாக்கியம். 'அம்மா ரொம்ப சீரியஸ்' என்றால் நம் ஊரில் அடுத்த நொடி வண்டி எடுத்துக்கொண்டு ஓடிவருவார்கள். மேலாளரிடமிருந்து பதில் வந்தது. குடும்ப விஷயம் புரிகிறது, இந்த வார வேலையை முடித்துக் கொடுத்துவிட்டு விடுப்பைப் பற்றிப் பேசலாம் என்று. பையன் இரண்டு இரவு அம்மாவின் கட்டிலுக்கு வெளியே மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தான்.

அம்மா பிழைத்துவிட்டார்கள். பிறகு ஒரு நாள் அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான். "சார், இதுல நான் என்ன தப்பா எழுதிட்டேன்?" என்றான். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டான். எனக்குத் தொண்டை அடைத்தது.

ஆங்கிலத்தில் ஒரு ஆள் 'சீரியஸ்' என்றால் அவர் சிரித்துப் பேசாதவர், கண்டிப்பானவர் என்று பொருள். 'வெரி' சேர்த்தால் இன்னும் கண்டிப்பு. அவன் அம்மா ஏதோ பிடிவாதமாக நிற்கிறார் என்று அந்த மேலாளர் புரிந்துகொண்டிருக்க வேண்டும். அவன் எழுதியிருக்க வேண்டியது 'சீரியஸ்லி இல்' அல்லது 'க்ரிட்டிகலி இல்'. இங்கே நடப்பதைப் பாருங்கள். நாம் பண்புச்சொல்லாக எடுத்துக்கொண்ட 'சீரியஸ்', ஆங்கிலத்தில் அளவுச்சொல்லாக மாறி, நோய்க்கு முன்னால் போய் நிற்க வேண்டும். நோய் எவ்வளவு என்று அளக்க ஆங்கிலம் 'வெரி'யை விட இந்தச் சொற்களை நம்புகிறது. 'வெரி இல்' என்றும் சொல்லலாம். ஆனால் 'க்ரிட்டிகலி' என்றால் உயிர் ஊசலாடுகிறது என்று படிப்பவருக்குச் சட்டெனப் புரியும். ஒரு மேலாளர் கையில் இருக்கும் வேலையைக் கீழே வைத்துவிட்டுப் பதில் எழுதுவார்.

'சீரியஸ்' தமிழில் வேறு பொருளில் குடியேறிவிட்ட சொல் என்பதை அதுவரை நான் வகுப்பில் சொன்னதே இல்லை. அந்தப் பையன் வந்துபோன பிறகு நான் நடத்திய ஒவ்வொரு வகுப்பிலும் முதல் நாளே இதைச் சொன்னேன். இன்று உங்களிடமும் சொல்கிறேன். பெற்றோர்களே, உங்கள் பிள்ளைகளிடம் இந்த ஒன்றையாவது வீட்டுக்குப் போனதும் சொல்லிவையுங்கள்.

அளவைக் குறைக்கும் சொற்களுக்கு நேரம் குறைவாகவே இருக்கிறது; இரண்டை மட்டும் தொட்டுவிடுகிறேன். 'க்வைட் குட்' என்று ஒரு பிரிட்டிஷ்காரர் எழுதினால் அது பெரும்பாலும் 'பரவாயில்லை' என்ற அளவுதான். அமெரிக்கர் எழுதினால் 'நன்றாகவே இருக்கிறது' என்று எடுத்துக்கொள்ளலாம். அதே 'க்வைட்' முனை உள்ள சொல்லோடு சேர்ந்து 'க்வைட் இம்பாசிபிள்' என்று வந்தால் 'முற்றிலும்' என்று பொருள். நம் 'சுமார்' இப்படி இடம் மாறிய சொல்தான். 'சுமார் நூறு பேர்' என்றால் ஏறத்தாழ. 'படம் சுமார்' என்றால் போகாதே. 'அ பிட்' என்பது நம் 'கொஞ்சம்' போல் பணிவுக்கும் உதவும், ஆனால் அது பெரும்பாலும் குறைகளோடுதான் சேரும். 'அ பிட் லேட்', 'அ பிட் டயர்ட்' என்பார்கள். 'அ பிட் குட்' என்பதில்லை. யாரையும் 'கொஞ்சம் நல்லவர்' என்று புகழ்வதில்லை அல்லவா?

முடிப்பதற்கு முன் ஒரு நோட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 2015 வடகிழக்குப் பருவமழை தொடங்கியபோது எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்தேன். பக்கங்கள் நேராக உள்ள ஒரு டப்பாவை மொட்டை மாடியில் திறந்த இடத்தில் வைக்க வேண்டும். தினமும் காலை எட்டரை மணிக்கு உள்ளே ஸ்கேலை நிறுத்தித் தண்ணீரின் உயரத்தைப் பார்க்க வேண்டும். நேரான டப்பாவில் தண்ணீரின் உயரம்தான் மழையளவு. வேறு கணக்கு தேவையில்லை. பிறகு அந்த எண்ணுக்குச் சரியான அளவுச்சொல்லை வைத்து ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் எழுத வேண்டும். எண் இல்லாமல் 'வெரி' போடக்கூடாது. இதுதான் ஒரே நிபந்தனை.

டிசம்பரில் பள்ளிகள் பல நாள் மூடிக் கிடந்தன. திறந்த பிறகு நோட்டுகள் வந்தன. பலருடைய டப்பாக்கள் வெள்ளத்தோடு போய்விட்டன. ஒரு பெண்ணின் நோட்டு மட்டும் ஓரம் நனைந்து காய்ந்து முறுகியிருந்தது. ஒரு நாளும் விடாமல் எழுதியிருந்தாள். அவள் வைத்தது 15 செ.மீ. உயரமுள்ள பழைய பெயின்ட் டப்பா. நவம்பர் பக்கங்களில் 'ஹெவி', 'நாட் வெரி ஹெவி' என்றெல்லாம் எண்ணோடு ஒத்துப்போகும் வாக்கியங்கள். டிசம்பர் 2-ஆம் தேதிப் பக்கத்தில் எண் இல்லை. 'த டின் இஸ் கம்ப்ளீட்லி ஃபுல்' என்று எழுதியிருந்தாள். அடுத்த வரியில் 'த ரெயின் வாஸ்' என்று தொடங்கி, ஒரு சொல்லுக்கான இடம் விட்டு, 'ஹெவி' என்று முடித்திருந்தாள்.

"இங்க ஏம்மா எதுவும் எழுதல?" என்று கேட்டேன்.

"டப்பா பதினஞ்சுலயே நிரம்பி வழிஞ்சிடுச்சு சார். அதுக்கு மேல எவ்ளோ பெஞ்சுதுன்னு எனக்குத் தெரியாது. வெரியா, எக்ஸ்ட்ரீம்லியா?"